காலையில் ஒரே கட்டளையில் லோக்கல் சூழல் எழுந்து நிற்க வேண்டும்: என் ஸ்கிரிப்டில் எங்கே தவறு?

செங்காங்_நிரலர் | செவ்வாய், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் ஒன் நார்த் பக்கம் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. மென்பொருள் குழுவில் நாலே பேர். பின்புலத்துக்கு ஜாங்கோ, முன்புலத்துக்கு வீட், தரவுத்தளம் போஸ்ட்கிரஸ், கூடவே ரெடிஸ், பின்னணி வேலைகளுக்கு செலரி.

தினமும் காலையில் மடிக்கணினியைத் திறந்ததும் ஆறு டெர்மினல் திறப்பேன். டாக்கரை (நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) எழுப்பு, போஸ்ட்கிரஸ் வந்ததா பார், மைக்ரேட் (தரவுத்தள அட்டவணைகளைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டு, ரன்சர்வர் (ஜாங்கோவின் சோதனை சர்வர்) ஓட்டு, செலரி ஓட்டு, கடைசியில் வீட். இந்த வரிசை என் விரலில் இருக்கிறது, வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை. அடுத்த திங்கள் எங்களிடம் பாலிடெக்னிக் மாணவி ஒருவர் பயிற்சிக்குச் சேர்கிறார். அதே திங்கள் நான் இரண்டு வாரம் ரிசர்விஸ்ட் (தேசிய சேவை மறுபயிற்சி) போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க முடியாது.

அதனால் ஒரு பேஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதினேன். டாக்கர் கம்போஸில் (பல கண்டெய்னர்களை ஒரே கோப்பால் எழுப்பும் வசதி) போஸ்ட்கிரஸும் ரெடிஸும் எழும். அடுத்து 'ஸ்லீப் 10', அதாவது பத்து நொடி சும்மா காத்திரு. அடுத்து மைக்ரேட். ரன்சர்வரும் செலரியும் ஆம்பர்சண்ட் போட்டுப் பின்னணியில் ஓடும். வீட் மட்டும் முன்னால்.

மூன்று சிக்கல்கள்:

பத்து நொடி சில நாள் போதவில்லை, மைக்ரேட் விழுந்துவிடுகிறது. மைக்ரேட் விழுந்த பிறகும் ஸ்கிரிப்ட் நிற்காமல் அடுத்த வரிக்குப் போகிறது. மாலையில் கண்ட்ரோல் சி அழுத்தினால் வீட் நிற்கிறது, ஆனால் ரன்சர்வர் உயிரோடு இருக்கிறது. மறுநாள் 8000 போர்ட்டை (நிரல் இணைப்புக்காகக் காத்திருக்கும் எண்) ஏற்கனவே யாரோ பிடித்திருப்பதாக ஜாங்கோ மறுக்கிறது. தினமும் தேடிப் பிடித்துக் கொல்கிறேன்.

திங்களுக்குள் இதைச் சரியாக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

---

காலாங்_கரை | செவ்வாய், இரவு 11:15

முதலில் ஸ்லீப்பைத் தூக்குங்கள். நேரத்தை வைத்துக் காத்திருப்பது ஊகம்தான். உங்கள் கணினியில் பத்து நொடி, அந்தப் பெண்ணின் கணினியில் நாற்பதாகலாம். கேட்க வேண்டியது "எவ்வளவு நேரம் ஆச்சு" என்பதல்ல, "நீ தயாரா" என்பதுதான்.

கம்போஸ் கோப்பில் போஸ்ட்கிரஸுக்குக் கீழே ஹெல்த்செக் (தயாரா என்று அவ்வப்போது சோதிப்பது) என்ற பகுதியைச் சேருங்கள். போஸ்ட்கிரஸோடு கூடவே வரும் 'பிஜி இஸ்ரெடி' என்ற சின்ன நிரலை அதில் கூப்பிடலாம். அதன் பிறகு கம்போஸ் அப் கட்டளையோடு 'வெயிட்' கொடியைச் சேர்த்தால், எல்லாம் ஆரோக்கியம் என்று சொன்ன பிறகுதான் கட்டளை திரும்பும். ஹெல்த்செக் எழுதாமல் வெயிட் மட்டும் போட்டால் கண்டெய்னர் ஓட ஆரம்பித்ததுமே திரும்பிவிடும். உள்ளே தரவுத்தளம் தயாரா என்று அதற்குத் தெரியாது.

ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியையும் நீங்களே குறிப்பிடுங்கள். டாக்கர் தானாக வைத்திருக்கும் இடைவெளி 30 நொடி. அதை 2 நொடியாக்காவிட்டால், போஸ்ட்கிரஸ் மூன்று நொடியில் எழுந்தாலும் நீங்கள் அரை நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள்.

இன்னொன்று, இதில் நானே ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன். போஸ்ட்கிரஸின் அதிகாரபூர்வ இமேஜ் (கண்டெய்னருக்கான அச்சு) காலி வால்யூமோடு (தரவைச் சேமிக்கும் இடம்) முதன்முறை எழும்போது ஒரு தற்காலிக சர்வரைத் தொடங்கும். பயனரை உருவாக்கும், தரவுத்தளத்தை உருவாக்கும், தொடக்க ஸ்கிரிப்ட் இருந்தால் ஓட்டும். பிறகு அந்த சர்வரை நிறுத்திவிட்டு உண்மையான சர்வரைத் தொடங்கும். அந்தத் தற்காலிக சர்வர் கண்டெய்னருக்குள் யூனிக்ஸ் சாக்கெட்டில் (உள்ளுக்குள் மட்டும் பேசும் வழி) மட்டும் கேட்கும், டிசிபியில் (வலையமைப்பு வழி) கேட்காது. பிஜி இஸ்ரெடிக்கு முகவரி எதுவும் கொடுக்காவிட்டால் அது அந்த சாக்கெட்டைத் தட்டிப் பார்த்து "தயார்" என்று சொல்லிவிடும். அடுத்த நொடியே சர்வர் நிற்கும், உங்கள் மைக்ரேட் விழும். ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட் என்று வெளிப்படையாகக் கொடுத்தால் டிசிபி வழியே கேட்கும், உண்மையான சர்வர் வரும்வரை காத்திருக்கும்.

கவனியுங்கள், இது உங்கள் கணினியில் நடக்கவே நடக்காது. உங்கள் வால்யூமில் தரவு ஏற்கனவே இருக்கிறது. புதிதாக வருபவரின் கணினியில்தான், அதுவும் முதல் நாளில்தான் நடக்கும். வெள்ளிக்கிழமை உங்கள் வால்யூமை நகலெடுத்து வைத்துவிட்டு, காலி வால்யூமில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

---

இரவுப்_பணி | புதன், அதிகாலை 1:05

கண்ட்ரோல் சி விஷயத்துக்கு வருகிறேன். காரணம் தெரிந்தால்தான் தீர்வு மனசில் நிற்கும், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

டெர்மினலில் கையால் ஆம்பர்சண்ட் போட்டு ஓட்டுவதும் ஸ்கிரிப்டுக்குள் போட்டு ஓட்டுவதும் ஒன்றல்ல. ஸ்கிரிப்டுக்குள் ஜாப் கண்ட்ரோல் (முன்னணி, பின்னணி நிரல்களைப் பேஷ் நிர்வகிக்கும் வசதி) அணைந்திருக்கும். அந்த நிலையில் பின்னணிக்கு அனுப்பும் நிரல்களை, சிக்இன்ட் சிக்னலைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லித்தான் பேஷ் தொடங்குகிறது. கண்ட்ரோல் சி அனுப்புவது அதே சிக்னல்தான். பைத்தானும் தொடங்கும்போது அந்த சிக்னல் புறக்கணிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால் தன் வழக்கமான ஹேண்ட்லரை (சிக்னல் வந்தால் ஓடும் குறியீடு) வைக்காது. எனவே ரன்சர்வரின் காதில் உங்கள் கண்ட்ரோல் சி விழவே இல்லை. செலரி தனக்கென்று ஹேண்ட்லர் வைத்துக்கொள்வதால் அது நின்றுவிடுகிறது. உங்கள் பட்டியலில் செலரி இல்லாததைக் கவனித்தேன், அதனால்தான் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

தீர்வு டிராப், அதாவது சிக்னல் வந்தாலோ ஸ்கிரிப்ட் முடிந்தாலோ என்ன செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லி வைப்பது. ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே, எப்படி வெளியேறினாலும் இதைச் செய் என்று எக்ஸிட்டுக்கு ஒரு டிராப் வையுங்கள். அதற்குள் முதலில் டெர்ம் (முடித்துக்கொள் என்னும்) சிக்னலுக்கான டிராப்பைக் காலி செய்யுங்கள், அடுத்து 'கில் 0'. சுழியம் என்றால் என் பிராசஸ் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் என்று பொருள். இது அனுப்புவது டெர்ம் சிக்னல், அதனால் ரன்சர்வரும் நிற்கும். ரன்சர்வர் தன் ரீலோடருக்காக (குறியீடு மாறினால் மறுபடி தொடங்கும் பகுதி) இரண்டு பிராசஸாக ஓடுவதால், ஒவ்வொன்றின் எண்ணையும் குறித்து வைத்துக் கொல்வதைவிடக் குழுவாக நிறுத்துவது பத்திரம்.

விழுந்த பிறகும் ஓடுகிறது என்பதற்கு, இரண்டாவது வரியில் செட் போட்டு இ, யு, பைப்ஃபெயில் மூன்றையும் இயக்குங்கள். ஒரு கட்டளை தோற்றால் நிற்கும், வரையறுக்காத மாறியைத் தொட்டால் நிற்கும், பைப்பின் நடுவில் தோற்றாலும் தோல்வியாகக் கணக்கு வைக்கும்.

மேக்கில் ஓட்டுபவர் இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஆப்பிள் இன்னமும் பேஷ் 3.2 தான் கொடுக்கிறது, அது 2006ஆம் ஆண்டுப் பதிப்பு. 'வெயிட் மைனஸ் என்', அதாவது பிள்ளைகளில் யாராவது ஒருவர் விழுந்தால் உடனே தெரிந்துகொள்ளும் வசதி, 4.3இல்தான் வந்தது. இணையத்தில் பார்த்து அதைப் போட்டால் லினக்ஸில் ஓடும், மேக்கில் விழும்.

---

ஈசூன்_மேசை | புதன், காலை 9:20

எல்லாப் பதிவும் ஒரே டெர்மினலில் கலந்து கொட்டினால் படிக்கவே முடியாது. நாங்கள் பிராக்ஃபைல் என்ற கோப்பில் ஒரு வரிக்கு ஒரு நிரல் என்று எழுதி வைத்து ஓவர்மைண்ட் வழியாக ஓட்டுகிறோம். அது உள்ளுக்குள் டிமக்ஸை (ஒரே திரையில் பல டெர்மினல் ஓட்டும் கருவி) பயன்படுத்துகிறது. ஒவ்வொரு நிரலின் பெயரும் தனி நிறத்தில் வரும். முக்கியமாக, ஜாங்கோ குறியீட்டில் பிரேக்பாயின்ட் (ஓட்டத்தை நிறுத்திப் பிழை தேடும் இடம்) வைத்தால் ரன்சர்வரோடு மட்டும் இணைந்து தட்டச்சு செய்யலாம். பின்னணியில் ஆம்பர்சண்டால் ஓட்டும்போது டீபக்கருக்கு விசைப்பலகையே கிடைக்காது. யாராவது ஒருவர் விழுந்தால் எல்லாரையும் நிறுத்தும் வேலையையும் அதுவே செய்யும், டிராப் எழுதத் தேவையில்லை.

---

இரவுப்_பணி | புதன், காலை 9:48

ஒத்துக்கொள்கிறேன். டீபக்கர் அடிக்கடி பயன்படுத்துகிறவர் என்றால் ஓவர்மைண்ட்தான் சரி. என் கவலை ஒன்றுதான்: புதிதாக நிறுவ வேண்டிய பொருள் ஒவ்வொன்றும் முதல் நாளில் இன்னொரு தடை. நாலு பேர் குழுவுக்கு வெறும் பேஷில் தொடங்கி, வலிக்கும்போது மாறலாம்.

---

தெம்பனிஸ்_ஆசிரியை | புதன், மதியம் 12:30

தம்பி, நான் பதினெட்டு வருடம் இந்தத் துறையில் இருந்துவிட்டு இப்போது பகுதிநேரமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். உங்களை நிறுத்தச் சொல்லவில்லை, ஆனால் ஒன்றை யோசியுங்கள்.

என்னிடம் வரும் பிள்ளைகள் ஒரு கட்டளையைத் தட்டி எல்லாம் ஓடுவதைப் பார்த்திருக்கிறார்கள். ரெடிஸ் எதற்கு என்று கேட்டால் தெரிவதில்லை. ஏதாவது விழுந்தால் திரும்பவும் அதே கட்டளையைத் தட்டுகிறார்கள். மூன்றாவது முறையும் விழுந்தால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. உள்ளே எத்தனை கதவு இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. நீங்கள் ஆறு டெர்மினல் திறந்து கற்றுக்கொண்டதை அந்தப் பெண் எப்போது கற்றுக்கொள்வார்?

முதல் நாள் கையால் செய்யட்டும். இரண்டாம் நாள் ஸ்கிரிப்டைக் கொடுங்கள்.

---

செங்காங்_நிரலர் | புதன், மதியம் 1:10

அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. நான் அலுவலகத்தில் இருந்திருந்தால் அப்படியே செய்திருப்பேன். இரண்டு வாரம் இருக்க மாட்டேன் என்பதுதான் சிக்கல். முதல் நாள் முழுக்க தனியாகப் போராடி, மாலையில் ஒன்றும் ஓடாமல் வீட்டுக்குப் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் முதல் வேலையில் மூன்று நாள் அப்படித்தான் போனது. யாரையும் கேட்கக் கூச்சம். அந்த மூன்று நாளை இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

---

காலாங்_கரை | புதன், மதியம் 1:35

இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. ஸ்கிரிப்டைப் பேச வையுங்கள். ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு வரி: என்ன செய்யப் போகிறேன், எதற்காக, இதையே கையால் செய்ய வேண்டுமானால் எந்தக் கட்டளை. "ரெடிஸைத் தொடங்குகிறேன், செலரி தன் வேலை வரிசையை இங்கேதான் வைக்கிறது" என்று திரையில் வரட்டும். விழுந்தால் எந்தப் படியில் விழுந்தது, எந்தப் பதிவைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லட்டும். அலுவலக விக்கியில் எழுதி வைக்கும் குறிப்பு ஆறு மாதத்தில் பழசாகிவிடும். ஸ்கிரிப்டில் எழுதியது பழசானால் மறுநாள் காலையே விழும், யாராவது திருத்துவார்கள்.

நிறுவலையும் தினசரித் தொடக்கத்தையும் தனித்தனியாகப் பிரியுங்கள். கிட்ஹப் 2015இல் தன் குழுக்களின் வழக்கத்தை வெளியிட்டது: எந்த மொழியில் எழுதிய திட்டமானாலும் பூட்ஸ்டிராப், செட்டப், சர்வர், டெஸ்ட் என்று ஸ்கிரிப்ட்களுக்கு ஒரே பெயர்கள். அதையே பின்பற்றலாம். உதாரணமாக முன்புலத்துக்கு வேண்டிய நூலகங்களை நிறுவும் என்பிஎம் சிஐ கட்டளை, அவை இருக்கும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறையை முழுதாக அழித்துவிட்டுத்தான் மறுபடி நிறுவும். அதைத் தினசரி ஸ்கிரிப்டில் வைத்தால் தினமும் வீண் காத்திருப்பு. லாக் கோப்பின் (நூலகப் பதிப்புகளின் பட்டியல்) ஹாஷை (கோப்பு மாறினால் மாறும் சுருக்கக் குறி) சேமித்து வைத்து, மாறியிருந்தால் மட்டும் ஓட்டுங்கள்.

---

தெம்பனிஸ்_ஆசிரியை | புதன், மதியம் 2:02

பேசும் ஸ்கிரிப்ட் என்றால் எனக்குச் சம்மதம். கையால் செய்யும் கட்டளையையும் காட்ட வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள்.

---

உட்லண்ட்ஸ்_வடக்கு | புதன், மாலை 6:50

அவரிடம் விண்டோஸ் மடிக்கணினி என்றால்? எங்கள் குழுவில் பாதிப்பேர் விண்டோஸ்தான். டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டு ஓட்டுகிறோம். அங்கே இரண்டு பொறிகள்.

ஒன்று, வரி முடிவு. விண்டோஸுக்கான கிட் நிறுவும்போது கோப்புகளின் வரி முடிவை விண்டோஸ் பாணிக்கு மாற்றும் தேர்வு முன்பே டிக் ஆகியிருக்கும். அப்படி இறங்கிய பேஷ் ஸ்கிரிப்டின் முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொள்ளும். பேஷ் இருந்தும் பேஷைக் காணோம் என்று லினக்ஸ் சொல்லும், பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. கிட் அட்ரிபியூட்ஸ் கோப்பில் ஷெல் கோப்புகளுக்கு எல்எஃப் (லினக்ஸ் பாணி வரி முடிவு) மட்டுமே என்று ஒரு வரி எழுதினால் எல்லாருக்கும் சரியாகிவிடும்.

இரண்டு, திட்டத்தை சி டிரைவில் வைத்துவிட்டு லினக்ஸ் பக்கத்திலிருந்து திறக்கக் கூடாது. கோப்பு வாசிப்பு மிக மெதுவாகிவிடும், கோப்பு மாறியதும் வீட் நிரலுக்குத் தகவலும் போகாது. திருத்தினால் திரையில் மாறவே மாறாது. லினக்ஸ் பக்கத்து ஹோம் கோப்புறையில் குளோன் செய்யச் சொல்லுங்கள். இதையும் ஸ்கிரிப்ட் தொடக்கத்தில் சோதிக்கலாம்.

---

தோபாயோ_தரவு | புதன், இரவு 9:15

யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். தரவுத்தளத்தில் என்ன தரவு ஏற்றுகிறீர்கள்?

முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் செட்டப் ஸ்கிரிப்டே உண்மையான வாடிக்கையாளர் தரவின் நகலை இறக்கி ஏற்றியது. பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டை எண் எல்லாம் ஒவ்வொருவர் மடிக்கணினியிலும். அந்த மடிக்கணினிகள் எம்ஆர்டி ரயிலில் போய்வந்தன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இலேயே வந்துவிட்டது. அடையாள அட்டை எண்ணைத் திரட்டுவது குறித்த வழிகாட்டுதல்கள் 2019 செப்டம்பர் 1 முதல் இன்னும் இறுகின. பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு மாணவியின் கையில் அந்தச் சுமையைக் கொடுக்காதீர்கள். கற்பனைத் தரவை உருவாக்கும் சீட் கட்டளை ஒன்றை எழுதி, ஸ்கிரிப்ட் அதை ஓட்டட்டும்.

அந்தக் கற்பனை ஆட்களில் சிலரை 1982க்கு முன் பிறந்தவர்களாக வையுங்கள். சிங்கப்பூர் நேரம் 1982 ஜனவரி 1 முதல்தான் யுடிசியிலிருந்து (உலகப் பொது நேரம்) 8 மணி நேரம் முன்னால். அதற்கு முன் பல ஆண்டுகள் ஏழரை மணி நேரம். யாராவது ஒருவர் குறியீட்டில் கூட்டல் எட்டு என்று நேராக எழுதிவிட்டால், 1979இல் பிறந்தவரின் நள்ளிரவு, ஆசியா/சிங்கப்பூர் நேரமண்டலத்தில் காட்டும்போது முந்தின நாள் இரவு 11:30 ஆகிவிடும். பிறந்த தேதி ஒரு நாள் பின்னால் போகும். இளையவர்களை மட்டும் சீட் தரவில் வைத்தால் இந்தப் பிழை உங்கள் கணினியில் தெரியவே தெரியாது, நம் அப்பா அம்மா வயதில் ஒருவர் படிவம் நிரப்பும்போதுதான் தெரியும்.

கண்டெய்னர்கள் யுடிசியில் ஓடும், மடிக்கணினி சிங்கப்பூர் நேரத்தில் ஓடும் என்பதும் நினைவிருக்கட்டும். காலை எட்டு மணிக்கு முன் டெஸ்ட் ஓட்டினால் உள்ளே இன்னும் நேற்றுதான். எது நேரமண்டலம் என்று ஸ்கிரிப்டே எல்லாருக்கும் ஒன்றாக வைக்கட்டும்.

---

ஈசூன்_மேசை | புதன், இரவு 9:40

இந்த ஏழரை மணி நேர விஷயம் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எங்கள் குறியீட்டில் கூட்டல் எட்டைத் தேடினேன், இரண்டு இடத்தில் இருக்கிறது. நாளை முதல் வேலை அதுதான்.

---

செங்காங்_நிரலர் | ஞாயிறு, மாலை 5:30

எல்லாருக்கும் நன்றி. மூன்று இரவு உட்கார்ந்து மாற்றி எழுதிவிட்டேன்.

செட்டப், அப் என்று இரண்டு ஸ்கிரிப்ட். ஹெல்த்செக் 2 நொடி இடைவெளியில், லோக்கல்ஹோஸ்ட் கொடுத்து. காலி வால்யூமில் ஓட்டிப் பார்த்தேன். லோக்கல்ஹோஸ்ட் இல்லாமல் ஐந்து முறை ஓட்டினால் மூன்று முறை விழுந்தது, கொடுத்த பிறகு ஒருமுறைகூட விழவில்லை. டிராப் வேலை செய்கிறது, நாலு நாளாக 8000 போர்ட் சண்டை இல்லை. சீட் தரவில் 1950களில் பிறந்த மூவர் இருக்கிறார்கள். என்வி கோப்பு (அமைப்புகளும் ரகசியச் சாவிகளும் இருக்கும் கோப்பு) இல்லாவிட்டால் மாதிரிக் கோப்பிலிருந்து நகலெடுத்து, எந்த ரகசியச் சாவியை யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லும்.

அக்கா சொன்னபடி ஒவ்வொரு படியும் பேசும். தமிழில் எழுதிப் பார்த்தேன், படிக்க நன்றாக இருந்தது, ஆனால் குழுவில் மற்ற மூவருக்கும் தமிழ் தெரியாது என்பதால் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டேன்.

நாளை காலை முகாமுக்குப் போகிறேன். பிறகு வந்து சொல்கிறேன்.

---

புது_வரவு | வியாழன், இரவு 8:25

வணக்கம். செங்காங் அண்ணன் சொன்ன பயிற்சி மாணவி நான்தான். குறிப்பில் இந்த இழையின் முகவரியும் இருந்தது, முழுதாகப் படித்தேன்.

திங்கள் காலை செட்டப் ஓடியது. அப் ஓட்டினேன். போஸ்ட்கிரஸ் ஆரோக்கியம் என்று வந்தது. அடுத்த படி மைக்ரேட், அங்கே அப்படி ஒரு ரோல் (தரவுத்தளப் பயனர்) இல்லை என்று போஸ்ட்கிரஸ் சொன்னது. கண்டெய்னரில் பிழையே இல்லை. திரும்ப ஓட்டினேன், அதேதான்.

திரையில் மைக்ரேட்டுக்கான கையால் செய்யும் கட்டளை இருந்ததால் அதைத் தனியாக ஓட்டினேன். அதுவும் விழுந்தது. அப்படியென்றால் ஸ்கிரிப்டில் தவறில்லை, இணைப்பில்தான் என்று தோன்றியது. 5432 போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று எல்எஸ்ஓஎஃப் கட்டளை வைத்துப் பார்த்தேன். இரண்டு பேர். பள்ளிப் பாடத்துக்காக ஹோம்பிரூ (மேக்கில் மென்பொருள் நிறுவும் கருவி) வழியாக நான் போன வருடம் நிறுவிய போஸ்ட்கிரஸ் என் மேக்கில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது லோக்கல்ஹோஸ்ட் முகவரியில் கேட்டது, டாக்கர் எல்லா முகவரியிலும் கேட்டது. இரண்டும் மோதாமல் எழுந்துவிட்டன, ஜாங்கோ போய்ப் பேசியது என் பழைய போஸ்ட்கிரஸிடம்.

பழையதை நிறுத்தினேன், ஓடியது. மதியச் சாப்பாட்டுக்கு முன் முகப்புப் பக்கம் திறந்துவிட்டது.

பிறகு அப் ஸ்கிரிப்டில் ஒரு படி சேர்த்தேன்: டாக்கரை எழுப்புவதற்கு முன் 5432, 6379, 8000, 5173 நான்கையும் வேறு யாராவது பிடித்திருக்கிறார்களா என்று பார்த்து, பிடித்திருந்தால் அந்த நிரலின் பெயரைச் சொல்லி நிற்கும். என் முதல் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் குழுவிடம் வைக்கும் கோரிக்கை). ஒரு சந்தேகம்: நம்முடைய டாக்கர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தாலும் என் சோதனை அதை அந்நியராக நினைத்து நிற்கிறது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

---

காலாங்_கரை | வியாழன், இரவு 8:50

நன்றாகப் பிடித்தீர்கள் அம்மா. போர்ட்டைச் சோதிக்கும் முன் கம்போஸ் பிஎஸ் ஓட்டி நம் கண்டெய்னர் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடினால் 5432, 6379 இரண்டிலும் டாக்கரின் பெயரை மட்டும் விலக்கிவிட்டு, வேறு பெயர் இருந்தால் நிறுத்துங்கள். முழுதாகத் தாண்டிவிட்டால் உங்களுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கும் நேரும். ஹோஸ்ட் பக்கத்து எண்ணை 5433 என்று மாற்றி என்வி கோப்பில் வைத்தால் இந்த மோதலே வராது, அதையும் குழுவில் கேட்டுப் பாருங்கள்.

---

தெம்பனிஸ்_ஆசிரியை | வியாழன், இரவு 9:05

கட்டளையைத் தனியாக ஓட்டிப் பார்த்தாயே, அதைத்தான் நான் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக் கொடுக்கப் பார்க்கிறேன். சந்தோஷம் மா.

---

செங்காங்_நிரலர் | சனி, மதியம் 3:40

வார இறுதிக்கு வீட்டுக்கு வந்தேன், இப்போதுதான் படித்தேன். புல் ரிக்வெஸ்ட்டைப் பார்த்துவிட்டேன், ஒரே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன்: பிழைச் செய்தியில் நிரலின் பெயரோடு அதை நிறுத்தும் கட்டளையையும் காட்டு. 5433க்கு எனக்குச் சம்மதம். திங்கள் மற்ற மூவரிடமும் கேட்டுவிட்டு நீயே மாற்றிவிடு.